மாமியார், மந்திரவாதி, மூட்டை

தாடி: "ஆபத்தானது." ஒரு லைப்ரரியைப் பத்தி எழுதுற வார்த்தையா இது? பாம்பா, தேளா?

சோடாபுட்டி: ரிப்போர்ட்ல மனசுல பட்டதை எழுதுனேன். ஏன், எழுத்துப்பிழை இருக்கா?

தாடி: நேத்து மத்தியானம் வரைக்கும் இதே இடத்துல "எளிமை, வேகம், மனசுக்கு நிறைவு"ன்னு இருந்துச்சு. மந்திரவாதின்னு பட்டப்பேரு வெச்சு, சிலை வெக்காத குறை. ஒரு ராத்திரியில அவன் உன்னை என்ன பண்ணான்?

சோடாபுட்டி: நேத்து நேத்துதான். மணி ஒன்னே முக்கால். மூணு மணிக்கு மேனேஜர் கையில இது இருக்கணும். வெளியாளுங்க எழுதி வெச்ச இந்த மூணு ரெடிமேட் லைப்ரரியில எதை வெச்சு புது ப்ரோக்ராம் எழுதப் போறோம்னு ரெண்டு வரியில சொல்லணும். நீ தாடியைச் சொறிஞ்சுட்டே இருந்தா ஆகுமா?

தாடி: படிக்கிறேன் தாயே… ஆமா, மேனேஜர் கடைசியா ப்ரோக்ராம் எழுதி எட்டு வருஷம் ஆச்சு. "டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்"னா என்னன்னு அவருக்குப் புரியுற மாதிரி எழுதியிருக்கியா?

சோடாபுட்டி: முதல் பக்கம். "ப்ரோக்ராம்ல ஒரு வேலையைச் செய்யுற துண்டுக்குப் பேரு ஃபங்ஷன். அதுக்கு என்ன தேவையோ அதை அதுவா வெளியே போய்த் தேடிக்கக் கூடாது. நாம கொண்டு வந்து கையில கொடுக்கணும்."

தாடி: அருமை. "தங்களுக்கு நாங்க காபி கொண்டு வந்து கொடுப்பது போல"ன்னு சேர்த்துக்கோ. டக்குனு பிடிச்சுப்பார்.

சோடாபுட்டி: அடுத்தது "ஸ்டேட்". "மாறுற விஷயத்தை யார் ஞாபகம் வெச்சுக்கிறதுங்கிற கேள்வி. ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங்கிற முறையில பழசை அழிச்சு எழுத மாட்டோம். பழசு பழசாவே இருக்கும், பக்கத்துல புதுசா ஒன்னு வரும்."

தாடி: அதாவது, நடந்ததை நடக்கலன்னு சொல்ல முடியாது.

சோடாபுட்டி: …ஆமா.

தாடி: என் வீட்டுக்காரி அப்படித்தான். ஒன்னையும் அழிக்க மாட்டா.

சோடாபுட்டி: அவங்க நானூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகிட்டு எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்காங்க. நீ சட்டைப் பையில இருக்குற சாவியை மேஜைக்கடியில தேடுற. நீ பேசாத.

தாடி: சரி, சண்டை வேண்டாம். முதல் ஆளு யாரு? மாமியார்.

சோடாபுட்டி: பேரை மாத்திட்டேன். ரிப்போர்ட்ல "முதல் லைப்ரரி"ன்னு இருக்கு. நாம வெச்ச பட்டப்பேரை எல்லாம் மேனேஜர்கிட்ட காட்ட முடியுமா?

தாடி: ஏன் காட்டக் கூடாது? அவருக்கும் வீட்ல ஒருத்தங்க இருக்காங்க. டக்குனு…

சோடாபுட்டி: பிடிச்சுப்பார், தெரியும். கேளு. மாமியார்கிட்ட எல்லாத்தையும் வாயைத் திறந்து சொல்லணும். இந்த ஃபங்ஷனுக்கு மெயில் அனுப்ப மெயிலர் வேணும், தேதி வேணும், டேட்டாபேஸ் வேணும்னு ஒன்னொன்னா எழுதி, ஒன்னொன்னா கையில கொடுக்கணும். ஒன்னு குறைஞ்சாலும் ப்ரோக்ராம் ஓடவே ஓடாது.

தாடி: கொடுத்தாலும் திருப்தி கிடையாது. "இது வேற ரகம், நான் கேட்டது வேற ரகம்"னு முகத்தைத் திருப்பிக்கும். நான் அதோட மூணு நாள் குடும்பம் நடத்தினேன். ஒரு ஃபங்ஷனுக்குப் பதினேழு சாமான் கொடுத்தேன்.

சோடாபுட்டி: ஆனா நாம கொடுக்காத எதுவும் உள்ள வராது. அது பெரிய நிம்மதி.

தாடி: நிம்மதிதான். நானூறு பக்கம் கையேடு. கடைசிப் பக்கத்துல எழுதினவர் என்ன சொல்லியிருக்கார் பார்த்தியா? "மிச்சம் உங்களுக்கே தெரியும்." நாலு கோடி பேருக்குத் தெரியாததாலதானய்யா உன்னைப் படிக்கிறோம்!

சோடாபுட்டி: மூணாவது, மூட்டை.

தாடி: ரெண்டாவது எங்க?

சோடாபுட்டி: அது கடைசியில வரும். மூட்டையில எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டி, ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் தூக்கிக் கொடுத்துட்டே போகணும். ஸ்டேட்டும் அதுக்குள்ளயே.

தாடி: ஊசி கேட்டவனுக்கு தையல் கடையையே தூக்கிட்டுப் போய்க் கொடுக்குறது.

சோடாபுட்டி: ஓப்பன் சோர்ஸ், யாரு வேணா ஓசியில எடுத்துக்கலாம். எழுதினவர் ஒரே ஒரு ஆளு. பதினாலு மாசமா ஒரு மாத்தமும் இல்ல. முன்பக்கத்துல ஒரு குறிப்பு மட்டும்… "குழந்தை பிறந்திருக்கு. கேள்விகளைப் பொறுமையா கேளுங்க."

தாடி: குழந்தை இப்ப நடந்திருக்கும். நாமதான் உட்கார்ந்திருக்கோம். சரி, சுத்தி வளைச்சது போதும். மந்திரவாதி.

சோடாபுட்டி: மந்திரவாதி… எதையும் கேட்காது. பக்கத்துல எது இருக்கோ அதைத் தானா எடுத்துக்கும். ஸ்டேட்டையும் எங்கயோ ஒளிச்சு வெச்சுக்கும். மூணே வரியில ப்ரோக்ராம் முடிஞ்சுரும்.

தாடி: தெரியும். நேத்து அதுக்குத்தான் கை தட்டுன.

சோடாபுட்டி: ஆனா… பொருத்தமா ரெண்டு சாமான் இருந்துச்சுன்னு வெச்சுக்கோ. எதை எடுக்கும்னு நமக்குத் தெரியாது. போலியை எடுக்கலாம். நிஜத்தையும் எடுக்கலாம்.

தாடி: எடுத்துதா?

சோடாபுட்டி: பொதுவா சொல்றேன்.

தாடி: பொதுவா சொல்றவ கண்ணாடியைக் கழட்டித் துடைக்க மாட்டா. நாலாவது தடவை துடைக்குற.

சோடாபுட்டி: ஏசித் தண்ணி சொட்டுது.

தாடி: ஏசி அந்தப் பக்கம் சொட்டுது… பக்கெட் கூட அங்கதான் இருக்கு. என்ன ஆச்சு?

சோடாபுட்டி: நீ கத்தக் கூடாது.

தாடி: இது கண்ணாடி ரூம். கத்தினா நான் வாயை மட்டும் ஆட்டுற மாதிரிதான் வெளிய தெரியும். சொல்லு.

சோடாபுட்டி: மூணு லைப்ரரிக்கும் ஒரே மாதிரி சின்ன ப்ரோக்ராம் எழுதினோம்ல. லீவு லெட்டர் ப்ரோக்ராம். லெட்டரை எழுதணும், மேனேஜருக்கு மெயில்ல அனுப்பணும், அவர் பார்த்தாரா, ஒத்துக்கிட்டாரான்னு ஸ்டேட்ல வெச்சுக்கணும்.

தாடி: நிஜமா அனுப்பக் கூடாதுன்னுதானே போலி மெயிலர் ஒன்னு எழுதினோம்? அனுப்புற மாதிரி நடிச்சுட்டு சும்மா இருக்குமே…

சோடாபுட்டி: அது நடிக்கல.

தாடி: எது?

சோடாபுட்டி: மந்திரவாதி போலிக்குப் பதிலா நிஜ மெயிலரை எடுத்துக்கிச்சு. நேத்து நாலரைக்கு அதைக் கடைசியா ஒரு தடவை ஓட்டிட்டு நான் பல் டாக்டர்கிட்ட ஓடிட்டேன். இன்னைக்குக் காலைல வந்து அவுட்பாக்ஸைப் பார்த்தா… "அனுப்பப்பட்டது: ஒன்று."

தாடி: அவ்வளவுதானா? நான் என்னமோன்னு நினைச்சேன். மேனேஜருக்கு ஒரு லீவு லெட்டர் போயிருக்கு. வாரத்துக்கு முப்பது போகுது.

சோடாபுட்டி: உன் பேர்ல போயிருக்கு.

தாடி: என் பேர்லயா? உன் பேரு தேஞ்சா போகும்?

சோடாபுட்டி: டெஸ்ட்டுக்கு ஏதோ ஒரு பேரு வேணும்ல… நீ பக்கத்துல இருந்த.

தாடி: பரவால்ல. எத்தனை நாள் லீவு?

சோடாபுட்டி: …நிரந்தர லீவு.

தாடி: புரியல.

சோடாபுட்டி: ராஜினாமாடா. திட்டணும்னா திட்டிரு.

தாடி: லீவு லெட்டர் ப்ரோக்ராம்ல ராஜினாமாக்கு என்னம்மா வேலை?

சோடாபுட்டி: காய்ச்சல், வயித்துவலி, சொந்தக்காரங்க கல்யாணம்னு எழுதி எழுதி அலுத்துப் போச்சு. நீளமா ஒரு லெட்டர் வெச்சா டெஸ்ட் நல்லா இருக்கும்னு… விளையாட்டா…

தாடி: படி.

சோடாபுட்டி: வேண்டாம்.

தாடி: என் ராஜினாமாவை நான் தெரிஞ்சுக்க வேண்டாமா? நாளைக்கு யாராவது கேட்டா "சோடாபுட்டியைக் கேளுங்க"ன்னா சொல்றது? படி.

சோடாபுட்டி: "மதிப்பிற்குரிய ஐயா, பன்னிரண்டு வருடங்களாகத் தங்கள் அலுவலகத்தில் குப்பை கொட்டி வருகிறேன். தங்கள் நகைச்சுவைக்குச் சிரித்துச் சிரித்து என் தாடை இடம் மாறிவிட்டது. அதை மறைக்கத்தான் தாடி வளர்த்தேன்…"

தாடி: அடிப்பாவி.

சோடாபுட்டி: "சென்ற மாதம் நடந்த கூட்டங்களின் எண்ணிக்கை நாற்பத்தொன்று. அவற்றில் பதினெட்டு, கூட்டங்களைக் குறைப்பது பற்றியவை."

தாடி: பத்தொன்பது. ஒன்னுக்கு நீ வரல. அப்புறம்?

சோடாபுட்டி: அவ்வளவுதான்.

தாடி: திரையில இன்னும் ஒரு பத்தி தெரியுது. எனக்குக் கண்ணாடி கிடையாது, நல்லாவே தெரியுது.

சோடாபுட்டி: அது… "என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புக்கு வந்து மூன்று மாதமாகிறது என்று போன வாரம் அவளே சொன்னாள். ஒன்றரை வருடமாக அவள் வளர்வதைப் போனில் பார்க்கிறேன். போனில் உயரம் தெரிவதில்லை. அவளும் அவள் அம்மாவும் இருக்கும் ஊருக்கே போய்விட நினைக்கிறேன். என்னை விடுவிக்கவும்."

தாடி: …இது உனக்கு எப்படித் தெரியும்?

சோடாபுட்டி: நீ ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுற. மாடி முழுக்கத் தெரியும். எட்டாவதுன்னு அவ சொன்னதும் நீ போனை வெச்சுட்டு பத்து நிமிஷம் அந்த பக்கெட்டையே பார்த்துட்டு இருந்த.

தாடி: தண்ணி நிறைஞ்சுதான்னு பார்த்தேன்.

சோடாபுட்டி: சரி, தண்ணியைத்தான் பார்த்த. இப்ப விஷயத்துக்கு வா. மேனேஜர் காலைல இருந்து வெளிய போயிருக்கார். மெயிலைப் பார்த்திருக்க மாட்டார். மூணு மணிக்குள்ள…

தாடி: வாசல்ல யாரு?

மேனேஜர்: ரிப்போர்ட் ரெடியா? உட்காருங்க, உட்காருங்க. எதுக்கு எழுந்திருக்கீங்க?

சோடாபுட்டி: ரெடி சார். கடைசிப் பக்கம் மட்டும்…

மேனேஜர்: மூணுல எதுன்னு ரெண்டு வரி. எனக்கு அது போதும். நீங்க பேரெல்லாம் சொல்லும்போது எனக்கு மாத்திரை பேரு மாதிரி இருக்கு. அப்புறம்… தாடி.

தாடி: சார்.

மேனேஜர்: மெயில் பார்த்தேன்.

தாடி: …சரி சார்.

மேனேஜர்: முதல் பத்தியைப் படிச்சுட்டு உன்னை உண்டு இல்லன்னு பண்ணணும்னு நினைச்சேன். என் ஜோக்குக்கு என்னய்யா குறைச்சல்?

தாடி: ஒன்னும் இல்ல சார். தாடைதான்…

மேனேஜர்: ரெண்டாவது பத்தியை ரெண்டு தடவை படிச்சேன். என் பையன் காலேஜ் முடிச்சப்பதான் எனக்கு அவன் எந்தப் பாடம் எடுத்தான்னே தெரியும். மேல அனுப்பணும்னு தோணுச்சு, ஆனா இன்னும் அனுப்பல. உன் வாயால கேட்டுட்டு அனுப்பலாம்னு. மூணு மணிக்கு லைப்ரரியை முடிச்சுட்டு அதைப் பேசுவோம். என்னம்மா, உனக்கு ஏன் முகம் இப்படி இருக்கு?

சோடாபுட்டி: பல்வலி சார்.

மேனேஜர்: நல்ல டாக்டரா பாரு. வரேன்.

சோடாபுட்டி: போயிட்டாரா?

தாடி: போயிட்டார். மூச்சு விடு.

சோடாபுட்டி: இன்னும் மேல அனுப்பலயாம்! தப்பிச்சோம்டா. மூணு மணிக்கு நான் சொல்லிடுறேன். அந்த லெட்டர் டெஸ்ட்டு, எழுதினது நான், அனுப்பினது மந்திரவாதி. ரிப்போர்ட்லயே எழுதிடுறேன், "இந்த லைப்ரரி ஒரு மனுஷனோட வேலைக்கே உலை வெச்சுச்சு"ன்னு.

தாடி: எழுதாத.

சோடாபுட்டி: ஏன்?

தாடி: பாவம்மா. அதை எழுதினவன் எங்கயோ ஒரு ரூம்ல, வேலை முடிஞ்சு வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காம எழுதிக் கொடுத்திருக்கான். நாம ஓசியில எடுத்துட்டு "ஆபத்து"ன்னு பட்டம் கட்டுறோம்.

சோடாபுட்டி: உன் தலைக்கு மேல கத்தி தொங்குது, நீ எவனோ முகம் தெரியாதவனுக்கு வக்காலத்து வாங்குற! பேசாம ஸ்டேட்டை "அனுப்பப்படாதது"ன்னு மாத்தி…

தாடி: பழசை அழிக்க மாட்டோம்னு முதல் பக்கத்துல நீதான் எழுதியிருக்க. "எழுதியது, அனுப்பியது, பார்த்தது, ஏற்றது." திரும்ப வாங்கிக்கிறதுக்கு ஸ்டேட்டே வெக்கல.

சோடாபுட்டி: அப்ப வெக்க மறந்துட்டேன். இப்ப கிண்டல் பண்ற நேரமாடா இது? நீ ஒரு வார்த்தை சொல்லு போதும். "சார், இது நான் எழுதல, எனக்கு வேலை வேணும்." சொல்லுவல்ல?

தாடி: மணி என்ன?

சோடாபுட்டி: ரெண்டே கால். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

தாடி: பக்கெட் நிறையப் போகுது. ஊத்திட்டு வரேன்.

சோடாபுட்டி: உட்காரு! நீ போயிட்டா இங்க நான் யாரோட சண்டை போடுறது? சேர்ந்த அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே நாற்காலிக்கு அடிச்சுக்கிட்டோம். அதுல இருந்து பக்கத்துப் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கோம். போனா சேர்ந்து போகணும்னு சொன்னது நீதான். என் விளையாட்டால நீ தனியா போறதை நான் பார்த்துட்டு இருக்க மாட்டேன்.

தாடி: உன் விளையாட்டால இல்ல…

சோடாபுட்டி: வேற யாரால? மந்திரவாதியால. அதைத்தான் நிரூபிக்கப் போறேன். வாயால சொன்னா மேனேஜர் நம்ப மாட்டார், லாக் ஃபைலை எடுத்து ரிப்போர்ட்ல ஒட்டிடுறேன். எந்த ப்ரோக்ராம், எத்தனை மணிக்கு, எந்த மெயிலரை எடுத்துச்சுன்னு எல்லாம் அதுல இருக்கும்.

தாடி: லாக் ஃபைல் எதுக்கு? அவருக்குப் புரியாது.

சோடாபுட்டி: புரிய வெக்கிறேன்.

தாடி: நேரம் இல்லம்மா. கடைசிப் பக்கம் பாக்கி இருக்கு…

சோடாபுட்டி: நீ எதுக்கு என் மவுஸைப் பிடிக்குற? விடு. இதோ, நேத்து தேதி… காலைல மூட்டை… போலி மெயிலர். மத்தியானம் மூட்டை… போலி. நாலு இருபத்தெட்டு, மந்திரவாதி…

தாடி: விடேன்.

சோடாபுட்டி: …போலி மெயிலர். என்னது? போலியைத்தான் எடுத்திருக்கு. அப்ப இது சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. பின்ன லெட்டரு எப்படி…

தாடி: லாக் ஃபைல் சில நேரம் பொய் சொல்லும்.

சோடாபுட்டி: லாக் ஃபைல் பொய் சொல்லாது, நீதான் சொல்லுவ. இரு… கீழ இன்னும் ஒரு வரி இருக்கு. அஞ்சு பத்து. அஞ்சு பத்துக்கு நான் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டு இருந்தேனே… "நிஜ மெயிலர். அனுப்பப்பட்டது: ஒன்று." ப்ரோக்ராம் பேரு… மாமியார். தாடி, என்னைப் பாரு. மாமியார்கிட்ட எதுவும் தானா உள்ள வராது. போலியை நீக்கிட்டு, நிஜத்தை டைப் பண்ணி, யாராவது தன் கையால கொடுத்தாத்தான் உண்டு.

தாடி: ஆமா.

சோடாபுட்டி: தெரியாமக் கொடுக்க முடியாது.

தாடி: முடியாது. ரெண்டு தடவை கேட்கும்.

சோடாபுட்டி: அப்ப அஞ்சு பத்துக்கு இந்த ரூம்ல யாருடா இருந்தா?

தாடி: நான்தான். ரெண்டு தடவையும் "ஆமா"ன்னு அடிச்சேன். ஆறு மாசமா இந்த லெட்டரை நானே எழுதிப் பார்க்குறேன், "மதிப்பிற்குரிய ஐயா"வைத் தாண்டல. நேத்து நீ போனதும் உன் டெஸ்ட்டை ஓட்டலாம்னு திறந்தேன், ரெண்டாவது பத்தியைப் படிச்சேன். உனக்கு எல்லாம் தெரிஞ்சே இருக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது, அதான் அனுப்பிட்டேன். மேனேஜர்கிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும்… உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரல.